60,000 ரூபாய்க்குள் மேடைக்கு ஒரு ஆர்ச்டாப்: பெங்களூரில் வாங்கப் போகிறவருக்கு

கேட்டவர் பெங்களூரில் இருக்கும் ஒரு தம்பி. இதுவரை டெலிகாஸ்டர் வகை சாலிட் பாடி (உள்ளே வெற்றிடம் இல்லாத கட்டை) கிட்டார்தான் வாசித்து வந்திருக்கிறார். இப்போது ஒரு பாடகி, ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் சேர்த்து நாலு பேராகப் பழைய சினிமாப் பாட்டையும் ஜாஸ் ஸ்டாண்டர்டுகளையும் கலந்து வாசிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் பிரஞ்ச், சீசனில் கல்யாண ரிசப்ஷன், அவ்வப்போது இந்திரா நகர், கோரமங்களா பக்கம் ஒரு பப். கையில் 60,000 ரூபாய். வாங்க நினைப்பது ஆர்ச்டாப், அதாவது வயலின் மாதிரி மேல்பலகை வளைந்த, உள்ளே வெற்றான கிட்டார். “எந்த ஆர்ச்டாப் வாங்கலாம் அண்ணா? மேடையில் தாங்குமா? எல்லாரும் ஃபீட்பேக் ஃபீட்பேக் என்று பயமுறுத்துகிறார்களே?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் டிரம்மர் பிரஷ் வைத்து வாசிக்கிறவர் என்றால் ஐபனீஸ் ஏஎஃப்75. ஸ்டிக்கை எடுத்து வெளுத்து வாங்குகிறவர் என்றால் ஐபனீஸ் ஏஎஸ்73. அது கண்டிப்பான அர்த்தத்தில் ஆர்ச்டாப் ஜாஸ் பெட்டி இல்லை, நடுவில் கட்டை வைத்த செமி ஹாலோ. எதை எடுத்தாலும் 60,000-ஐயும் கிட்டாரிலேயே கொட்டிவிடாதீர்கள். செட்டப் (டெக்னீஷியனிடம் கொடுத்துக் கிட்டாரை வாசிக்கச் சரிசெய்வது), கம்பி, ஒரு ஈக்யூ பெடல் (அடிச்சத்தம், மேல்சத்தம் என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பெடல்), நல்ல பை என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

டிரம்மரை வைத்து கிட்டார் வாங்கச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். ஆர்ச்டாப் பிறந்த கதையிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது. கிப்ஸன் 1922-ல் எல்-5 கிட்டாரைக் கொண்டுவந்தபோது மேடையில் ஆம்ப் என்ற பேச்சே கிடையாது. ஊதுகருவிகளுக்கு நடுவே மின்சாரம் இல்லாமல் கிட்டார் கேட்க வேண்டும். அதனால் வயலின் மாதிரி பலகையைக் குடைந்து வளைத்து, எஃப் வடிவத் துளை போட்டு, கம்பியைத் தொட்டாலே பெட்டி முழுக்க அதிரும்படி செய்தார்கள். 1936-ல் அதே கம்பெனி இஎஸ்-150-ல் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்புக்கு அனுப்பும் காந்தச் சுருள், வைத்தது. கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதை எடுத்துக்கொண்டு 1939-ல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து சாக்ஸபோன்காரர் மாதிரி சோலோ வாசித்தார். அதிலிருந்துதான் தலைவலியும் ஆரம்பம். சத்தம் வர வேண்டும் என்று எந்த அதிர்வை உண்டாக்கினார்களோ, ஆம்ப் வந்த பிறகு அதே அதிர்வு எதிரியாகிவிட்டது. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் பெட்டியை ஆட்டுகிறது, பெட்டி கம்பியை ஆட்டுகிறது, பிக்கப் அதை எடுத்து மறுபடி ஆம்புக்கு அனுப்புகிறது. இந்தச் சுற்று ஓர் அளவைத் தாண்டியதும் கிட்டார் தானாகவே ஊளையிட ஆரம்பித்துவிடும். அதுதான் ஃபீட்பேக்.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து வாசிக்க நல்ல ஆர்ச்டாப் வேறு, மேடைக்கு நல்ல ஆர்ச்டாப் வேறு. மேடைக்குக் கொஞ்சம் மந்தமான பெட்டிதான் நல்லது. குறைந்த பட்ஜெட்டில் இருப்பவருக்கு இது அதிர்ஷ்டம், ஏனென்றால் விலை குறைந்த ஆர்ச்டாப்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

கடையில் யாராவது “இது லேமினேட் சார், பிளைவுட் மாதிரி, சாலிட் டாப் எடுங்க” என்று சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 1949-ல் வந்த கிப்ஸன் இஎஸ்-175-இன் மேல்பலகை லேமினேட்தான். மெல்லிய மேப்பிள் தாள்களை ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்தது. பெயரில் இருக்கும் 175, அன்றைக்கு அதன் டாலர் விலை. அதாவது மலிவுப் பதிப்பாகத்தான் அது வந்தது. ஜோ பாஸ், ஜிம் ஹால், பாட் மெத்தினி எல்லாரும் அதைத்தான் வாசித்தார்கள். ஜாஸ் கிட்டார் என்றதும் நம் காதில் ஒலிக்கும் அந்தக் கனத்த, உருண்டையான டோனில் பாதி இந்த லேமினேட் பெட்டியிலிருந்து வந்ததுதான். பெங்களூர்க்காரருக்கு இன்னொரு லாபமும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் இங்கே காற்று எவ்வளவு காய்ந்துபோகும், ஜூலையில் எவ்வளவு ஈரமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குடைந்தெடுத்த சாலிட் ஸ்ப்ரூஸ் இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சுருங்கி விரிந்து, சில சமயம் விரிசலும் விடும். லேமினேட் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது.

ஐபனீஸின் ஆர்ட்கோர் வரிசையில் எழுத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஏஎஃப் என்றால் முழுக்க வெற்றுப் பெட்டி, அகலமானது. ஏஜி என்றால் வெற்றுப் பெட்டிதான், உருவத்தில் சின்னது. ஏஎஸ் என்றால் நடுவில் கட்டை ஓடும் செமி ஹாலோ. இந்தக் கட்டை யோசனை 1958-ல் கிப்ஸன் இஎஸ்-335-இல் வந்தது. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை ஓடவிட்டால் பலகை ஆட முடியாது, ஊளை பெருமளவு அடங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் ஏமாறுகிறவர்கள் அதிகம். எபிஃபோன் கசினோ 335 மாதிரியே மெல்லிசாக இருக்கும், ஆனால் உள்ளே கட்டை கிடையாது. கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் வரிசையிலும் ஜி2420 வெற்றுப் பெட்டி, ஜி2622 கட்டை வைத்தது. எஃப் துளை வழியாக ஃபோன் டார்ச் அடித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கச் சுவர் வரை வெளிச்சம் போனால் வெற்றுப் பெட்டி, நடுவில் மரம் மறித்தால் செமி.

ஈஸ்ட்மன் ஏஆர்371, கோடின் ஃபிஃப்த் அவென்யூ இரண்டும் ஆசையைக் கிளப்பும். நல்ல கிட்டார்கள்தான். ஆனால் புதிதாக வாங்க உங்கள் பட்ஜெட் போதாது. வெளிநாட்டிலிருந்து தருவித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் சுங்கம், வரி, பெரிய பெட்டிக்கான சரக்குக் கூலி மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகு பேசட்டும். கோடின் கிங்பின் செகண்ட் ஹேண்டில் மாட்டினால் வாசித்துப் பாருங்கள், ஆனால் ஒரு விஷயம். அதில் இருப்பது பி-90, அதாவது சிங்கிள் காயில் பிக்கப். நம்மூர் பப்களில் எர்த்திங் இருக்கும் லட்சணத்துக்கும், மேடைக்கு மேலே தொங்கும் டிம்மர் விளக்குகளுக்கும், பாட்டு ஆரம்பிக்கும் முன்பே ‘ம்ம்ம்’ என்று இரைய ஆரம்பித்துவிடும். இரைச்சலை அடக்க இரண்டு காயில் சேர்த்த பிக்கப், அதாவது ஹம்பக்கர், வைத்த கிட்டார் என்றால் அந்தத் தொல்லையில் பெரும்பகுதி இல்லை. கல்யாண மண்டபங்களைச் சொல்லவே வேண்டாம், இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் ஆம்ப், மிக்ஸர், சீரியல் விளக்கு எல்லாம். அங்கே கையில் கிட்டாரோடு மைக்கில் வாயை வைப்பதற்கு முன் மைக்கின் வலைமேல் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். எரிந்தால் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும் வரை தொடாதீர்கள். கிட்டாரோடு சம்பந்தமில்லாத விஷயம் மாதிரி தெரியும், உயிரோடு சம்பந்தப்பட்டது.

பிக்கப்பைப் பற்றி இன்னொன்று. விலை உயர்ந்த ஆர்ச்டாப்களில் பிக்கப்பைப் பலகையில் வெட்டிப் பொருத்தாமல், பிக்கார்டிலோ நெக் முனையிலோ தொங்கவிடுவார்கள். பலகை சுதந்திரமாக அதிரும், சத்தம் அழகாக இருக்கும். மேடையில் அதே சுதந்திரம்தான் கழுத்தை நெரிக்கும். பலகையைத் துளைத்துப் பதித்த இரண்டு ஹம்பக்கர்களின் எடையும் பலகையின் அதிர்வைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். ஏஎஃப்75-இல் அப்படித்தான் இருக்கிறது.

சரி, கடைக்குப் போகிறீர்கள். பெங்களூரில் ஆர்ச்டாப்பை மாட்டி வைத்திருக்கும் கடைகள் குறைவு. முன்னாலேயே ஃபோன் போட்டு எந்த மாடல் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் டிராஃபிக்கில் ஒரு சனிக்கிழமை போய்விடும். சும்மா மடியில் வைத்து நாலு கார்டு வாசித்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. முதலில் ஆம்ப் இல்லாமல், எஃப் துளைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் அடிக்குரலில் ‘ஊ’ என்று இழுத்துக்கொண்டே சுருதியை மெல்ல மேலே ஏற்றுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஏதோ ஓர் இடத்தில் பெட்டி திடீரென்று உங்களோடு சேர்ந்து பாடும், பின்பலகை நெஞ்சில் அதிர்வது தெரியும். அதுதான் அந்தப் பெட்டியின் சொந்தச் சுருதி. அது பெரும்பாலும் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் ஏழாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில், அதாவது 98 முதல் 123 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கும். ஊளை முதலில் கிளம்பப் போவதும் அங்கேதான். அப்புறம் ஆம்பைப் போட்டு, ஷோவில் எந்த அளவுக்கு வைப்பீர்களோ அந்த அளவுக்கு வால்யூமை ஏற்றி, ஆறாவது கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் சத்தம் அடங்காமல் தானாக வீங்குகிறது, வால்யூமை எவ்வளவு குறைத்தால் நிற்கிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு கிட்டாரை அடுத்தடுத்து இப்படிச் சோதியுங்கள். ஒரே மாடலில் இரண்டு பீஸ் கூட வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

நின்று கொண்டும் வாசித்துப் பாருங்கள். ஏஎஃப்75 ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலம். டெலிகாஸ்டர் பழகிய வலது தோளுக்கு முதல் மாதம் கொஞ்சம் வலிக்கும். எடை குறைவு என்பதால் மூன்று மணி நேர ரிசப்ஷனில் முதுகு தப்பிக்கும். உருவத்தில் சின்னவர்கள், அல்லது அகலப் பெட்டி ஒத்துவராதவர்கள் ஏஜி பக்கம் போகலாம். சின்னப் பெட்டியை மட்டமாக நினைக்க வேண்டாம். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்ஸனுக்காக இதே ஐபனீஸ் 1970-களின் கடைசியில் செய்த ஜிபி10 சின்னப் பெட்டிதான். பெரிய மேடையில் சத்தமாக வாசிக்கும்போது ஊளை வரக்கூடாது என்பதுதான் அதன் நோக்கமே.

செகண்ட் ஹேண்டில் தேடுவதானால் லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், கம்மனஹள்ளி பக்கம் சர்ச் குழுக்களில் வாசிக்கும் நம்மவர்களிடம் சொல்லி வையுங்கள். இணையத்தில் விளம்பரம் வருவதற்கு முன்பே கை மாறிவிடும் கிட்டார்கள் நிறைய. பார்க்கும்போது கம்பியைத் தாங்கும் பிரிட்ஜின் அடிப்பாகம் பலகையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். பிரிட்ஜுக்குக் கீழே பலகை உள்வாங்கியிருந்தால் வேண்டாம். விரல் நுனியால் பலகையை அங்கங்கே தட்டினால் உள்ளே ஏதாவது பிரேஸ் (பலகையைத் தாங்கும் மரச்சட்டம்) விட்டிருப்பது ‘கிர்’ரென்று காட்டிக்கொடுக்கும். வால்யூம் குமிழ், டோன் குமிழ் கரகரக்கிறதா, ஜாக் ஆடுகிறதா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சாலிட் பாடியில் பின்மூடியைக் கழற்றினால் பத்து நிமிட வேலை. வெற்றுப் பெட்டியில் மூடியே கிடையாது. ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நூல் கட்டி, மொத்த வயரிங்கையும் எஃப் துளை வழியாக வெளியே இழுத்து, சால்டர் வைத்து, மறுபடி நூலைப் பிடித்து ஒவ்வொன்றாக அதனதன் ஓட்டைக்குள் மீன் பிடிக்கிற மாதிரி இழுத்துப் பொருத்த வேண்டும். ஒன்று திரும்பிக்கொண்டால் முதலிலிருந்து. டெக்னீஷியன் அதற்கு வாங்கும் கூலியில் நியாயம் இருக்கிறது, அதனால் அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இனி, எடுத்து வைக்கச் சொன்ன பணம். முதல் செலவு கம்பி. கடையிலிருந்து வரும் மெல்லிய ரவுண்ட்வூண்ட் கம்பியோடு ஆர்ச்டாப்பை எடைபோடாதீர்கள். ஃப்ளாட்வூண்ட் (மேலே தட்டையான நாடா சுற்றிய வழுவழுப்பான கம்பி), மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பியாக இருக்கும் செட் போடுங்கள். டடாரியோ குரோம்ஸ் 11-50 அல்லது 12-52 (எண்கள் கம்பியின் தடிமன்) நம்மூரில் தேடினால் கிடைக்கும். சாதாரணக் கம்பியைவிட விலை அதிகம், ஆனால் மாதக்கணக்கில் உழைக்கும், விரல் நகரும் கீச்சுச் சத்தமும் கிடையாது. பாடகி மெதுவாகப் பாடும் இடத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். டெலிகாஸ்டரில் 9, 10 போட்டு வளைத்து வாசித்தவர் நேராக 12-க்குத் தாவ வேண்டாம், 11-இல் ஆரம்பியுங்கள். கம்பி கனமானதும் நெக்கின் இழுவை மாறும், நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் துண்டு) பள்ளத்தை அகலப்படுத்த வேண்டியிருக்கும். அதனால் கம்பி வாங்கிய கையோடு செட்டப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஈக்யூ பெடல். பாஸ் ஜிஇ-7 மாதிரி ஒன்று போதும். அதில் முதல் குமிழே 100 ஹெர்ட்ஸ். நீங்கள் ‘ஊ’ பாடிக் கண்டுபிடித்த சுருதி எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள், அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் கீழே இறக்கினால் ஊளை பாதி அடங்கும். பேஸ் வாசிக்க ஆள் இருக்கும்போது அந்த அடிச்சத்தம் உங்களுக்குத் தேவையும் இல்லை. இருவரும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளாமல் இருந்தால் சவுண்ட் இன்ஜினியரும் வாழ்த்துவார். ஓவர்டிரைவ், கம்ப்ரஸர் இரண்டும் எதிர்வேலை செய்யும். சின்னச் சத்தத்தையும் தூக்கிவிடுவதால் ஊளை சீக்கிரம் கிளம்பும்.

செலவே இல்லாத வைத்தியம், நிற்கும் இடம். ஆம்ப் உங்கள் முதுகுக்கு நேர் பின்னால் இருந்து கிட்டாரைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில், ஒரு நாற்காலியில் ஏற்றி, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கிற மாதிரி வைத்தால் குறைந்த சத்தத்திலேயே உங்களுக்குக் கேட்டுவிடும். கல்யாண மேடை பலகை அடித்த மேடை, அடியில் காலி. ஆம்பைத் தரையில் வைத்தால் மேடையே இன்னொரு பெட்டியாகி பேஸைப் பெருக்கிக் கொடுக்கும். அங்கே நாற்காலி கட்டாயம். மானிட்டர் வெட்ஜில் (வாசிப்பவரைப் பார்த்துத் தரையில் வைக்கும் ஸ்பீக்கர்) உங்கள் கிட்டாரைக் கொடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் எஃப் துளையை அடைத்துவிடலாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கறுப்பு ஃபோம் ஷீட்டை அந்த வடிவத்தில் வெட்டிச் செருகினால் பத்தடி தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பழைய நாட்களில் துணியைத் திணித்தே சமாளித்தார். கடைசியில் 1980-இல் கிப்ஸன் அவர் பெயரில் செய்த லூசில் மாடலில் எஃப் துளையே வைக்கவில்லை. பெட்டிக்குள் பஞ்சு திணிப்பதானால் வயரில் சிக்காத பெரிய ஒரே துண்டாகத் திணியுங்கள். சின்னச் சின்னத் துண்டாகப் போட்டால் வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

இவ்வளவும் செய்தால் வைட்ஃபீல்டு விண்ட்மில்ஸ் மாதிரி ஜனங்கள் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் ஏஎஃப்75 பிரமாதமாக இருக்கும், பிரஞ்ச்சிலும் இருக்கும். ஆனால் ரிசப்ஷனில் சாப்பாடு முடிந்து மாப்பிள்ளையின் நண்பர்கள் குத்துப் பாட்டு கேட்க ஆரம்பித்தால் அதற்கு இது ஆகாது. டெலிகாஸ்டரை விற்றுவிட்டு இதை வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சொல்லப்போனால் அந்த டெலிகாஸ்டரிலேயே ஃப்ளாட்வூண்ட் போட்டு, நெக் பிக்கப்பில் டோனைக் குறைத்து ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். கனடாவின் எட் பிக்கர்ட் டெலிகாஸ்டரிலேயே அசல் ஜாஸ் டோன் எடுத்தவர். அதில் திருப்தியாகிவிட்டால் 60,000 மிச்சம். ஆகவில்லை என்றால் எதற்காக ஆர்ச்டாப் வேண்டும் என்று காதுக்குத் தெளிவாகிவிடும், கடையில் குழம்ப மாட்டீர்கள்.

வாங்கிய பிறகு ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. இந்த வகைக் கிட்டாரில் பிரிட்ஜ் பெரும்பாலும் பலகையில் ஒட்டப்பட்டிருக்காது. கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஆறு கம்பியையும் ஒன்றாகக் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும், இன்டோனேஷன் (ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக விழுவது) போய்விடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிரிட்ஜின் இரண்டு ஓரத்திலும் சின்னதாக மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்து வைத்தால், ஆட்டோவில் குலுங்கி நகர்ந்தாலும் மண்டபத்தில் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக இருக்கிறதா என்று டியூனரில் பார்த்துக்கொண்டால் போதும். சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் பையில் இது நுழையாது. பிரிட்ஜின் உயரத்தையும் சேர்த்து அளந்து, உள்ளே தடித்த மெத்தை வைத்த பையாக வாங்குங்கள். டூ வீலரில் முதுகில் மாட்டிக்கொண்டு போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஏஎஃப்75 கையில் இல்லை, ஏஎஃப்55 தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால்? தாராளமாக எடுக்கலாம். அதே குடும்பம், பளபளப்பு இல்லாத பூச்சு, விலையும் குறைவு. மிச்சமாகும் பணத்தில் பிக்கப்பை மாற்றலாமா என்று உடனே கை அரிக்கும். ஃப்ளாட்வூண்ட் போட்டு நாலு ஷோ வாசித்த பிறகும் குறையாகத் தெரிந்தால் நெக் பிக்கப்பை மட்டும் மாற்றுங்கள். பிரிட்ஜ் பிக்கப்பை நீங்கள் தொடவே போவதில்லை.